தெப்பத்தை இழுக்கும் கயிறு

(ராஜகுளத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் அச்சு வடிவம்)



காஞ்சிபுரம் பக்கம் பேச வருகிறவர்கள் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைத் தொடாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. நான் இன்றைக்கு அதைத் தொடப்போவதில்லை. கொழுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைப்பிதழில் ‘செல் சவ்வும் செய்தித் தொடர்பும்’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வாசலில் ஒரு பையன், “செல்போனைப் பத்தியா சார்?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டும் கேட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் சேதி முதலில் வந்து தட்டுகிற கதவு, செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலம். அந்தக் கதவைப் பற்றித்தான் பேச்சு.

வரும் வழியில் சவுக்குக் கழி ஏற்றிய லாரி ஒன்று எங்கள் வண்டிக்கு முன்னால் போயிற்று. கழிகளெல்லாம் நேர் நேராய், இடுக்கில் விரல் நுழையாதபடி அடுக்கியிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு டிராக்டர், அதில் சீமைக்கருவேல் விறகு. கோணலும் மாணலுமான கட்டைகள். எப்படி அடுக்கினாலும் பாதி வண்டி விறகு, பாதி வண்டி காற்று. இந்த இரண்டு வண்டிகளையும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெயிலில் வைத்து இளக்கித்தான் தலையில் தேய்க்கவேண்டும். பக்கத்தில் இருக்கும் கடலை எண்ணெய் அதே குளிரில் ஓடிக்கொண்டிருக்கும். காரணம் அந்த இரண்டு வண்டிகள்தான். எண்ணெயின் மூலக்கூறுகளுக்கு நீண்ட வால்கள் உண்டு. தேங்காயெண்ணெயில் பெரும்பாலும் நேரான வால்கள். சவுக்குக் கழி மாதிரி நெருங்கி அடுக்கிக்கொள்ளும், அதனால் சீக்கிரம் உறைகிறது. கடலை எண்ணெயின் வால்களில் ஆங்காங்கே ஒரு முறிவு, ஒரு வளைவு. கருவேல் விறகு போல ஒன்றையொன்று நெருங்க விடாது. பாடப்புத்தகத்தில் இதைத்தான் நிறைவுற்ற கொழுப்பு, நிறைவுறாக் கொழுப்பு என்று படிக்கிறீர்கள்.

செல்லின் சவ்வில் இருப்பது இதற்குப் பங்காளி முறையில் வரும் ஒரு பொருள், லிப்பிடு. இதற்கும் வால் உண்டு, பெரும்பாலும் இரண்டு. கூடவே தண்ணீரை விரும்புகிற ஒரு தலை. வாலுக்கோ தண்ணீர் ஆகாது. தலை தண்ணீரைத் தேடும், வால் தண்ணீரை விட்டு ஓடும். அப்படிப்பட்ட மூலக்கூறுகளைக் கோடிக்கணக்கில் தண்ணீரில் விட்டால் அவை என்ன செய்யும்? இரண்டு வரிசையாக நின்று வாலோடு வால் வைத்து, தலைகளை வெளிப்பக்கம் காட்டிக்கொள்ளும். செல் சவ்வின் அடிப்படை அவ்வளவுதான். தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு நானோமீட்டர்.

இவ்வளவு மெல்லிய ஒன்றை மனிதர்கள் எப்படி அளந்தார்கள் என்பது தனிக்கதை. பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது பரந்து அரை ஏக்கர் நீரைக் கண்ணாடி போல அமைதியாக்கிவிட்டது என்று 1774இல் எழுதினார். நம் கணக்கில் 50 சென்ட். ஒரு தேக்கரண்டியை 50 சென்டால் வகுத்திருந்தால் ஒரு மூலக்கூறின் உயரமே அவர் கைக்கு வந்திருக்கும். அவர் வகுக்கவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற பெண், கல்லூரி வாசலை மிதிக்காதவர், வீட்டுச் சமையலறையில் தகரத் தொட்டி வைத்து எண்ணெய்ப் படலத்தை அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை ராலே பிரபு ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பிவைக்க, 1891இல் அது அச்சேறியது. பிறகு 1925இல் ஹாலந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிடைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் பரப்பினார்கள். அது அந்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு இடத்தை அடைத்தது. ஆகவே சவ்வு இரண்டடுக்கு என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்கள் லிப்பிடை முழுவதும் எடுக்கவில்லை. செல்லின் மேற்பரப்பையும் குறைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சரியான விடை வந்துவிட்டது. பிள்ளைகளே, பரீட்சையில் இப்படி நடக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

இனி சவ்வுக்குள் போவோம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளம், அதே அளவு அகலம். அவ்வளவு சின்னச் சதுரத்தில் ஏறக்குறைய 50 லட்சம் லிப்பிடு மூலக்கூறுகள். அவை நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒரு லிப்பிடு பக்கத்து லிப்பிடோடு நொடிக்கு ஒரு கோடி முறை இடம் மாற்றிக்கொள்கிறது. 1972இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் வரைந்து காட்டிய படம் இதுதான்: சவ்வு என்பது ஒரு திரவம், அதில் புரதங்கள் மிதக்கின்றன. இன்றும் உங்கள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அந்தப் படம் இருக்கிறது.

அந்தப் படத்தை நான் மாணவனாக இருந்தபோது எத்தனையோ முறை வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு குறை இருப்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. செல்லுக்குச் சேதி வருவது என்றால் என்ன? வெளியே ஒரு பொருள் வந்து ஒரு புரதத்தைத் தொடுகிறது. அந்தப் புரதம் பக்கத்தில் இன்னொன்றைத் தட்டி எழுப்பவேண்டும், அது மூன்றாவதை எழுப்பவேண்டும். எழுப்ப வேண்டியவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டாமா? நொடிக்குக் கோடி முறை இடம் மாறும் கும்பலில் யார் யாரைத் தேடிப் பிடிப்பது? லிப்பிடு வெறும் தண்ணீர் போலப் புரதத்தை மிதக்கவிடுகிற சரக்கு என்று நினைத்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

லிப்பிடு வெறும் சரக்கு இல்லை என்பதற்கு வயக்காட்டிலிருந்தே ஒரு சாட்சி சொல்கிறேன்.

இங்கே இருப்பவர்களுக்குக் கண்ணாடி விரியனை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. என் சின்ன வயதில் எங்கள் பெரியப்பாவை அறுப்புக் காலத்தில் வரப்பில் கடித்தது. மருத்துவமனைக்கு மாட்டு வண்டியில் போனோம். அங்கே கொஞ்சம் இரத்தம் எடுத்துப் புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசைமேல் நிறுத்தி, “யாரும் தொடாதீங்க” என்றார்கள். இருபது நிமிடம் கழித்துச் சரித்துப் பார்த்தார்கள். உறைந்து கட்டியாக நிற்கவேண்டிய இரத்தம் தண்ணீர் போல் ஓடியது. விஷம் ஏறியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பெரியப்பா அதன்பிறகு பல வருஷம் ஏர் ஓட்டினார். இந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பாம்பிலிருந்து எடுப்பவர்கள் நமக்குத் தூரத்து மனிதர்கள் இல்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள். கடிபட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்பதையும் வந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

சரி, இரத்தம் உறைவதற்கும் லிப்பிடுக்கும் என்ன சம்பந்தம்? சவ்வுக்கு இரண்டு அடுக்கு என்றேன் அல்லவா? இரண்டிலும் ஒரே சரக்கு இல்லை. பாஸ்பாடிடைல்செரின் என்று ஒரு லிப்பிடு உண்டு. பெயர் வாயில் நுழையாது, அதனால் உள்வீட்டு லிப்பிடு என்று வைத்துக்கொள்வோம். நலமாக இருக்கும் செல்லில் இது உள் அடுக்கில் மட்டும்தான் இருக்கும், வெளியே தலைகாட்டாது. தானாக அப்படி இருப்பதில்லை. வெளி அடுக்குக்கு வழி தவறி வந்துவிடுகிற ஒவ்வொன்றையும் பிடித்து உள்ளே தள்ள ஒரு புரதம் காவல் நிற்கிறது. அந்த வேலைக்கு அது ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழிக்கிறது.

கையில் அரிவாள் பட்டுவிட்டது. அங்கே ஓடிவரும் இரத்தத் தட்டணுக்கள் கிளர்ந்தெழுந்ததும் அவற்றுக்குள் கால்சியம் பெருகுகிறது. இன்னொரு புரதம் கதவைத் திறந்துவிட, உள்வீட்டு லிப்பிடு வெளி அடுக்கில் கொட்டுகிறது. இரத்தத்தை உறைய வைக்கும் காரணிகள் அந்த லிப்பிடுமேல்தான் வந்து ஒட்டுகின்றன. அதில் பத்தாம் காரணியும் ஐந்தாம் காரணியும் பக்கம் பக்கமாக உட்கார்ந்துவிட்டால் வேலை லட்ச மடங்குக்கும் மேல் வேகமாகிறது. தனித்தனியாக இரத்தத்தில் மிதந்துகொண்டிருந்தால் அந்த வேகம் கிடையாது. லிப்பிடு அங்கே களம் அமைத்துக் கொடுக்கிறது. காயம் பட்ட இடத்தில் மட்டும், காயம் பட்ட நேரத்தில் மட்டும். கண்ணாடி விரியனின் விஷம் இந்த ஏற்பாட்டையே குலைத்துவிடுகிறது. அதில் உள்ள நொதிகள் பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் காயமே இல்லாத இடங்களில், ஓடும் இரத்தத்திலேயே தட்டி எழுப்பிவிடும். உறையவைக்கும் சரக்கெல்லாம் வீணாய்ச் செலவாகித் தீர்ந்துபோகும். குழாயில் இரத்தம் ஓடியதன் காரணம் இதுதான். போதாக்குறைக்கு அதே விஷத்தில் லிப்பிடின் வாலைக் கத்தரிக்கும் நொதியும் இருக்கிறது.

உள்வீட்டு லிப்பிடு இன்னொரு வேளையிலும் வெளியே வரும். செல் சாகும்போது. அதைக் கண்டதும் துப்புரவு செய்யும் வெள்ளணுக்கள் வந்து அந்தச் செல்லை விழுங்கிவிடும். ஒரே லிப்பிடு. உள்ளே இருந்தால் ஒரு பொருள், வெளியே வந்தால் வேறு பொருள்.

இப்போது இந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். ராஜகுளம் காஞ்சி வரதர் வந்து தெப்பமேறும் ஊர். நான் இன்று பேசவந்த விஷயத்துக்கு உலக அறிவியலில் வைத்திருக்கும் பெயரே தெப்பம்தான், லிப்பிடுத் தெப்பம். 1997இல் கை சைமன்ஸ், எலினா இகோனன் இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தப் பெயரை எங்கும் பரப்பியது. அவர்கள் சொன்னது இது: வெளி அடுக்கில் நேரான வால் கொண்ட லிப்பிடுகள் இருக்கின்றன, சவுக்குக் கழிகள். அவற்றின் இடுக்கில் கொலஸ்ட்ரால் பலகை போலச் சொருகிக்கொள்கிறது. கழியும் பலகையும் சேர்ந்து இறுகிய சின்னச் சின்னத் தெப்பமாகி, கருவேல் விறகு போன்ற மற்ற லிப்பிடுகளின் நடுவே மிதக்கின்றன. சில புரதங்கள் அந்தத் தெப்பத்தில் ஏறிக்கொள்ளும், சில ஏறாது. ஏறியவை ஒன்றாக இருப்பதால் ஒன்றையொன்று தட்டி எழுப்பமுடியும். நான் முன்னே கேட்ட கேள்விக்கு அழகான பதில்.

கொலஸ்ட்ரால் என்றதும் இரண்டு மூன்று பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். இரத்தக் குழாயில் படிவது பற்றி டாக்டர் சொன்னதை மறக்கவேண்டாம். ஆனால் அது இல்லாமல் நம் செல் ஒன்றும் நிற்காது. வெளிச்சவ்வில் சில இடங்களில் ஒரு பாஸ்போலிப்பிடுக்கு ஒரு கொலஸ்ட்ரால் என்ற அளவுவரை இருக்கிறது. ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அமிதாப சட்டோபாத்யாய் குழுவினர், மாட்டு மூளையின் ஒரு பகுதியிலிருந்து எடுத்த சவ்வில் கொலஸ்ட்ராலைக் குறைத்துப் பார்த்தார்கள். மனநிலையோடு தொடர்புள்ள செரடோனினைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஏற்பிப் புரதம், தன் சரக்கைப் பிடிப்பதில் தளர்ந்துபோயிற்று.

தெப்பக் கதை பரவிய வேகத்திலேயே சண்டையும் வந்தது. தெப்பம் இருக்கிறது என்பதற்கு அப்போது காட்டிய பெரிய ஆதாரம் ஒரு சோப்புச் சோதனை. செல்லைக் குளிரவைத்து, ஒருவகைச் சோப்புக் கரைசலில் போட்டால் சவ்வின் பெரும்பகுதி கரைந்துவிடும், சில துண்டுகள் கரையாமல் மிதக்கும். அவைதான் தெப்பம் என்றார்கள். குளிரவைத்தால் தேங்காயெண்ணெய்கூட உறைகிறதே! கரைசலில் போட்ட பிறகு உண்டான துண்டா, உயிரோடு இருந்தபோதே இருந்த தெப்பமா? உயிருள்ள செல்லில் தெப்பத்தை அப்போது யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. சாதாரண ஒளி நுண்ணோக்கிக்குச் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே இரண்டு பொருளைப் பிரித்துப் பார்க்க வராது. ஒரு கூட்டத்தில் ஒருவர் தெப்பம் உண்டென்பார், அடுத்தவர் அதெல்லாம் பிரமை என்பார். சில காலம் அப்படியே போயிற்று.

இந்த இடத்தில்தான் கதை பெங்களூருக்கு வருகிறது. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயர் என்பவர் 1995இல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதற்கு முன்பு நியூயார்க்கில், ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோதே அவர் கையில் எடுத்தது ஒரு விசித்திரமான புரத வகை. சாதாரணமாகச் சவ்வுப் புரதங்கள் இரண்டடுக்கையும் துளைத்துக்கொண்டு நிற்கும். இந்த வகையோ வெளி அடுக்கில் ஒரு லிப்பிடு நங்கூரத்தைப் பாய்ச்சி, அதில் கட்டிய படகு போல வெளியே ஆடிக்கொண்டிருக்கும். ஜி.பி.ஐ. நங்கூரப் புரதம் என்பார்கள். உள்ளே கால் நீட்டாத ஒரு புரதம் உள்ளே சேதி அனுப்புகிறதே, எப்படி?

அவர் எடுத்துக்கொண்ட புரதம் போலிக் அமிலத்தைப் பிடிக்கும் ஏற்பி. தாய்மார்களுக்கு இந்தப் பெயர் தெரியும். கர்ப்பமான பெண்களுக்குக் கிராம செவிலியர் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. தாயின் இரத்தத்தில் இருக்கும் அந்தச் சத்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறதே, அங்கே கைநீட்டி வாங்குவது இந்த ஏற்பிதான். ராஜத் வர்மா என்ற மாணவரோடு சேர்ந்து மேயர் செய்த வேலை, போலிக் அமிலத்தின் வாலில் ஒளிரும் சாயத்தைக் கட்டியது. ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் ஒளியைப் பார்க்கலாம்.

ஆனால் ஒளியைப் பார்த்து என்ன பயன்? சின்னத் தெப்பம் நுண்ணோக்கியில் தெரியாதே. அவர்கள் தெப்பத்தைப் பார்க்க முயலவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறானா என்று மட்டும் கேட்டார்கள். அதைக் கேட்ட விதம்தான் எனக்கு இன்றும் மிகப் பிடித்த இடம்.

திருவிழாவில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். தனித்தனியாக வந்தவர்களா, கையைக் கோத்துக் குடும்பமாக வந்தவர்களா? தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் மிக அருகில் இருக்கிறவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று அளந்துகொள்ளுங்கள். மதியம் கூட்டம் குறைவு, மாலையில் கூட்டம் அதிகம். தனித்தனியாக வந்தவர்கள் என்றால் மதியம் இடைவெளி அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும். கையைக் கோத்து வந்தவர்கள் என்றால், மைதானம் காலியாக இருந்தாலும் நிரம்பி வழிந்தாலும் பக்கத்து ஆள் அதே ஒரு முழ தூரத்தில்தான் இருப்பார்.

சாய மூலக்கூறுகள் இரண்டு சுமார் 5 நானோமீட்டர் நெருக்கத்தில் இருந்தால் ஒன்று வாங்கிய ஒளியாற்றலை மற்றதற்குக் கைமாற்றிவிடும். ஒரே திசையில் அதிரும் ஒளியைச் செல்மேல் பாய்ச்சினால், கைமாறாத ஒளி ஏறக்குறைய அதே திசையோடு திரும்பும், கைமாறிய ஒளி திசை குலைந்து திரும்பும். திரும்பும் ஒளியில் எவ்வளவு திசை குலைந்திருக்கிறது என்று அளந்தால் போதும், அருகில் ஆள் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். சில செல்களில் ஏற்பி குறைவு, சிலவற்றில் மிக அதிகம். இரண்டிலும் ஒரே குலைவு. அப்படியென்றால் அவை கையைக் கோத்துத்தான் நிற்கின்றன. கொலஸ்ட்ராலை உருவிவிட்டுப் பார்த்தார்கள், கை விட்டுவிட்டது. 1998இல் ‘நேச்சரில்’ வந்த அந்தக் கட்டுரை, இந்தக் கூட்டங்களின் அகலம் 70 நானோமீட்டருக்குள் என்று சொன்னது. தெப்பம் உண்டு என்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

கொண்டாட்டம் முழுசாக நீடிக்கவில்லை. 2004இல் அதே கூடத்திலிருந்து ‘செல்’ இதழில் வந்த கட்டுரை இன்னும் நுணுக்கமாக அளந்தது. ஏற்பிகளில் 20 முதல் 40 சதவீதம்தான் கூட்டத்தில் இருக்கின்றன, மற்றவை தனியாகத் திரிகின்றன. ஒரு கூட்டத்தில் அதிகம் போனால் நான்கு. கோயில் குளத்துத் தெப்பம் என்று நினைத்தது போய், நான்கு பேர் உட்கார்ந்த பரிசல் ஆகிவிட்டது! அதோடு இன்னொரு புதிர். மூலக்கூறுகள் தானாக ஒட்டிச் சேர்வதாக இருந்தால், மொத்த எண்ணிக்கை கூடக்கூடத் தனியாய்த் திரிபவை குறைந்து கூட்டத்தில் இருப்பவை விகிதத்துக்கு மேல் பெருகவேண்டும். குழம்பின்மேல் மிதக்கும் எண்ணெய்க் கண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றனவே, அப்படி. வேதியியல் படித்த பிள்ளைகளுக்கு நிறைதாக்க விதி நினைவுக்கு வரும். செல்லில் அந்த விதி பலிக்கவில்லை. எண்ணிக்கை எப்படி மாறினாலும் கூட்டத்துக்கும் தனியாளுக்கும் உள்ள விகிதம் மாறவே இல்லை.

இந்தப் புதிரை அவிழ்க்க மேயரோடு ஓர் இயற்பியலாளரும் சேர்ந்தார் என்பது எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. அதே பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த மதன் ராவ். திரவப் படிகங்களுக்குப் பேர்போன இடம் அது. தட்டு வடிவ மூலக்கூறுகள் திரவப் படிகமாவதை எஸ். சந்திரசேகரும் அவர் குழுவினரும் 1977இல் கண்டது அங்கேதான். நம் சவ்வும் ஒருவகைத் திரவப் படிகமே. உயிரியலாளரும் இயற்பியலாளரும் சேர்ந்து வந்த முடிவு இது: இந்தக் கூட்டம் தானாகச் சேரவில்லை. யாரோ கூட்டுகிறார்கள்.

யார் என்று 2008இல் சொன்னார்கள். சவ்வுக்கு அடியில், செல்லின் உட்பக்கத்தில், ஆக்டின் என்ற புரத இழைகள் வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. மயோசின் என்ற இன்னொரு புரதம் அந்த இழைகளை இழுக்கிறது. நாம் கையை மடக்கும்போது தசையில் நடப்பதும் இவை இரண்டின் இழுப்புதான். இழைகள் இழுபட்டு ஆங்காங்கே நட்சத்திரம் போல ஒரு புள்ளியில் குவிகின்றன, கலைகின்றன, மறுபடி வேறிடத்தில் குவிகின்றன. குவியும் இடத்தில் மேலே இருக்கும் ஏற்பிகளும் சேர்கின்றன. ஆக்டினைக் குலைத்தால் கூட்டம் கலைகிறது. இதையெல்லாம் நடத்த ஏ.டி.பி. செலவாகிறது.

தெப்பத் திருவிழாவைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இதை நான் நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. விளக்கும் மாலையும் தெப்பத்தில் தெரியும், கண் அங்கேதான் போகும். பீப்பாயும் பலகையும் கட்டியவர்கள் இருக்கிறார்கள். கரையிலிருந்து கயிறு பிடித்து இழுக்கிறவர்கள் இருட்டில் நிற்கிறார்கள். விழா முடிந்ததும் கட்டு அவிழ்ந்துவிடும். பத்து வருஷம் விஞ்ஞானிகள் விளக்கு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் ஒரு இடம் உதைத்தது. கயிறு உள்ளே இருக்கிறது, ஏற்பியின் நங்கூரமோ வெளி அடுக்கோடு முடிந்துவிடுகிறது. இரண்டும் தொட்டுக்கொள்ளவே வழியில்லை. கயிற்றின் முனையைத் தெப்பத்தில் கட்டியது யார்?

பதில் 2015இல் வந்தது. நம் பழைய உள்வீட்டு லிப்பிடுதான், பாஸ்பாடிடைல்செரின். உள் அடுக்கில் இருக்கும் இதன் வால் நீளமாகவும் நேராகவும் இருந்தால், சவ்வின் நடுவே எட்டி, வெளி அடுக்கிலிருந்து இறங்கும் நங்கூரத்தின் நீண்ட நேரான வாலோடு கை கோத்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் பலகை பக்கவாட்டில் நின்று அந்தப் பிடியை இறுக்குகிறது. உள்வீட்டு லிப்பிடின் தலையை ஆக்டின் பிடித்துவைக்கிறது. நங்கூரத்தின் வாலைக் குட்டையாக்கிப் பார்த்தார்கள், வளைந்த வாலை வைத்துப் பார்த்தார்கள், கூட்டம் சேரவில்லை. இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காயத்தில் இரத்தத்தை உறையவைக்க வெளியே கொட்டுகிற அதே லிப்பிடு, காவல் வைத்து உள்ளேயே அடைத்துவைக்கப்படுகிற லிப்பிடு, அடைபட்டிருக்கும் காலத்திலும் சும்மா இருக்கவில்லை. அது உள்ளே நிற்பதே ஒரு வேலை.

இதனால் செல்லுக்கு என்ன லாபம்? 2019இல் வந்த கட்டுரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயம் ஆறும்போது செல்கள் பரந்து ஊர்ந்து இடத்தை மூடவேண்டும். ஊர்வதற்கு முன் காலடியில் தரை இருக்கிறதா என்று செல் தடவிப் பார்க்கும். தடவும் கை இன்டெக்ரின் என்ற புரதம். அது தரையைத் தொட்டதும் உள்ளே சேதி போகிறது, ஆக்டின் இழைகள் குவிகின்றன, மேலே நங்கூரப் புரதங்கள் கூட்டமாய்ச் சேர்கின்றன. அந்தக் கூட்டங்கள் உண்டாக முடியாதபடி செய்த செல்கள் தரையைத் தொட்டும் ஒழுங்காகப் பரவவில்லை. சேதி வந்ததால் கூட்டம் கூடியது, கூட்டம் கூடியதால் அடுத்த சேதி போகிறது. இரண்டில் எது முதல் என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்லமுடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எல்லாரும் பெங்களூர்க் கணக்கை அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் அகிஹிரோ குசுமி, ஒவ்வொரு மூலக்கூறாகத் துரத்திப் படம்பிடித்து, ஆக்டின் வலை ஒரு வேலி என்றும், லிப்பிடுகள் அந்த வேலிக்குள் அடைபட்டுத் துள்ளித் துள்ளி அடுத்த பட்டிக்குப் போகின்றன என்றும் சொல்கிறார். சைமன்ஸ் சொன்ன தெப்பமும் செயற்கைச் சவ்வுகளில் அழகாக உண்டாகிறது. தெப்பம், வேலி, கயிறு ஆகிய மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எனக்குக் கயிற்றின் பக்கம் சாய்வு அதிகம் என்பது இவ்வளவு நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செல் செத்துவிட்டால் எண்ணெயும் தண்ணீரும் வேதியியல் விதிப்படி பிரிந்து கிடக்கும், அதற்குச் செலவு கிடையாது. உயிரோடு இருக்கும் செல் ஒவ்வொரு நொடியும் எரிபொருள் செலவழித்து, உள்ளே இருக்கவேண்டியதை உள்ளே நிறுத்தி, சேரவேண்டியதைச் சேர்த்து, வேலை முடிந்ததும் கலைத்துவிடுகிறது. சவ்வைச் சுவர் என்று படித்த காலத்தில் இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

நேரமாகிவிட்டது என்று மேடைக்குப் பக்கத்திலிருந்து சைகை வருகிறது. பிள்ளைகளே, வாசலில் ஒரு அகல அண்டாவில் தண்ணீர் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேலே மிளகுத்தூள் தூவியிருக்கும். பக்கத்தில் செக்கெண்ணெய் ஒரு கிண்ணம், ஒரு ஈர்க்குச்சி. குச்சியின் நுனியை எண்ணெயில் தொட்டுத் தண்ணீரின் நடுவில் வையுங்கள். மிளகுத்தூள் ஓரத்துக்கு ஓடும், நடுவில் ஒரு வட்டம் வெறுமையாகும். அந்த வட்டத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் முடித்தபிறகு தண்ணீரை மாற்றிவிட்டு அடுத்தவர் செய்யவேண்டும், இல்லாவிட்டால் வராது. பிராங்க்ளின் செய்யாமல் விட்ட வகுத்தல் கணக்கை நாளைக்கு உங்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து போடுங்கள். சின்னவர்களுக்கு முதலில் வழி விடுங்கள்.